வெயில் காலத்து அட்டை

ஜனவரி 5, திங்கள்

"டீச்சர், பதினாலு கிலோ பறிச்சவங்களுக்கு அன்னிக்கு என்ன ஆச்சு?"

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி கேட்ட கேள்வி. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்று பாத்திரம் தேய்க்கும்போது காரணமில்லாமல் நினைவுக்கு வந்தது. கழித்தல் பாடம். ஒருத்தி இருபது கிலோ தேயிலைக் கொழுந்து பறித்தாள், இன்னொருத்தி பதினாலு, வித்தியாசம் எவ்வளவு? மற்ற பிள்ளைகள் விரலை மடக்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கையைத் தூக்கி இதைக் கேட்டாள். "கணக்குல அதெல்லாம் வராதும்மா, கழிச்சு மட்டும் சொல்லு" என்றேன். ஆறு என்று சரியாகச் சொன்னாள். ஆனால் முகம் தெளியவில்லை.

மேனேஜர் ஆள் அனுப்பியிருந்தார். தோட்டத்தில் தொழிலாளர் பாராட்டு விழா வைக்கிறார்களாம். கம்பெனியின் பெரிய அதிகாரி வருகிறாராம். 'உழைப்பின் பெருமை' பற்றி நான் பேச வேண்டுமாம். இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, இங்கேயே பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் என்பதால் நான்தான் பொருத்தமாம்.

சரி என்று சொல்லி அனுப்பினேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மறைப்பானேன்?

ஜனவரி 6, செவ்வாய்

அண்ணிக்கு இன்று தோள் வலி அதிகம். தைலம் தேய்த்துவிட்டேன். வலது கை காதுக்கு மேலே எழும்பவே மாட்டேன் என்கிறது.

என்னைவிட ஒரு வயது சின்னவள். உறவில் பெரியவள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு, தோட்டம் கொடுத்த இந்த லைன் வீட்டுக்கு வந்தபோது வீட்டில் எல்லோரும் என்னைப் 'பாப்பா' என்பார்கள். அவளும் அப்படியே பிடித்துக்கொண்டாள். அண்ணன் போய்விட்டார், தலை நரைத்துவிட்டது, நான் இன்னும் பாப்பாதான். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "பாப்பாவுக்குப் பல்லு கட்டுற வயசாச்சு, இன்னும் என்ன பாப்பா?" என்றாள். அவளுக்கு மலை முழுக்க 'ரேடியோ' என்று பெயர். காலையில் போட்டால் மாலைவரை நிற்காது.

அண்ணி இந்த வருஷக் கடைசியில் ஓய்வுபெற வேண்டும். மகன் வெளியூரிலிருந்து "வாம்மா, வந்துடும்மா" என்கிறான். போகமாட்டாள். "நின்னா நானா நிக்கணும். கடைசி நாள் எதுன்னு நாந்தான் சொல்லணும்" என்கிறாள்.

ஜனவரி 9, வெள்ளி

பேச்சுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு வேண்டும். வெறும் 'உழைப்பே உயர்வு' என்று சொன்னால் பிள்ளைகளே கொட்டாவி விடும், பெரியவர்கள் கேட்பார்களா? அண்ணியைக் கேட்டேன்.

"உங்க வேலையைப் பத்தி ஒண்ணு சொல்லுங்க அண்ணி. மனசுல நிக்கிற மாதிரி."

"என்னத்தச் சொல்றது? போறோம். பறிக்கிறோம். வர்றோம்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரேடியோவின் குரல்: "கால் வலிக்குதுன்னு சேர்த்துச் சொல்லுங்க டீச்சர்! மைக்ல சொன்னா மேனேஜர் காலைப் பிடிச்சுவிட வருவாரு!"

நல்ல அண்டை வீடு. தும்மினால்கூட அங்கிருந்து பதில் வரும்.

ஜனவரி 13, செவ்வாய்

இன்று ஒன்றைப் பார்த்தேன். மறக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

அண்ணி மாத்திரையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். மதிய நிறுவை நேரம். சரிவின் ஓரத்தில் தகரம் வேய்ந்த கொட்டகை, நடுவில் தொங்கும் தராசு, கூடையோடு வரிசையாகப் பெண்கள். இவ்வளவு எடை வந்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். காலையிலிருந்து நின்ற கால் இரண்டும் முழுசு. பேர் மட்டும் பாதி.

அண்ணியின் கூடை குறைவாக இருந்தது. அவளுக்கு முன்னால் ரேடியோ. தன் வீட்டுக்காரர் குறட்டை விட்டால் தகரக்கூரை எப்படி அதிரும் என்று கை ஆட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஆட்டத்தில் ஒரு கை பின்னால் போய், தன் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி, அண்ணியின் கூடையில் போட்டது. பேச்சு நிற்கவில்லை. பின்னால் நின்றவளும் ஒரு பிடி. அதற்குப் பின்னால் நின்றவள் எட்டி ஒரு பிடி. அப்புறம் ரேடியோவின் மருமகள் கூடைக்கும் அதே போல. அவள் ஆறு மாதக் கர்ப்பிணி, குனிந்து பறிக்க முடியாது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாங்கியவள் தலை திரும்பவில்லை.

வேலையை மேற்பார்க்கிற கங்காணி என் பழைய மாணவன். எட்டாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுக்கி விழுவான். அவன் அந்த நேரம் முழுக்க எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். ஒரு பூட்ஸைக் கழற்றி, கவிழ்த்து உதறி, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்தான்.

"என்னப்பா?" என்றேன்.

"அட்டை டீச்சர். ஒரே அட்டை."

மழை நின்று எத்தனை வாரம்! தரை பொடியாகிக் கிடக்கிறது. ரத்தம் குடிக்கிற அட்டை ஈரத்தில்தானே வரும்?

சட்டென்று புரிந்தது: கூடைகளைப் பார்க்காமல் இருக்கத்தான் அவன் அட்டை தேடுகிறான்.

சாயங்காலம் தைலம் தேய்க்கும்போது அண்ணியிடம் சொன்னேன். அவள் முதுகு கொஞ்சம் விறைத்தது.

"பாத்துட்டியா?"

"பாத்தேன் அண்ணி. எவ்வளவு பெரிய விஷயம்!"

"சரி. பாத்ததோட விடு பாப்பா."

என்ன ஒரு தன்னடக்கம்!

ஜனவரி 14, புதன்

எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது.

ஜனவரி 18, ஞாயிறு

விழா நடந்தது. தொழிற்சாலை முற்றத்தில் பந்தல். முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் பெஞ்சுகளில் பெண்கள்.

நன்றாகப் பேசினேன். அது எனக்கே தெரிந்தது. "நம் தோட்டத்தில் ஒரு தராசு இருக்கிறது. அந்தத் தராசுக்குத் தெரியாத ஒரு கணக்கும் இருக்கிறது" என்று தொடங்கினேன். பிடி பிடியாகக் கொழுந்து விழுவதைக் கையாலேயே காட்டினேன். பேசிக்கொண்டே கை பின்னால் போவது, முகம் பார்க்காதது, பூட்ஸ், அட்டை. அட்டைக்கு முன்வரிசை முழுக்கச் சிரித்தது. "என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். தோளைத் தூக்க முடியாது. அவர் கூடையை நிரப்பியது அவர் கை மட்டுமல்ல, இந்த மலையின் கைகள் எல்லாம்" என்று முடித்தேன். முடிக்கும்போது அண்ணியைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தேன்.

பெரிய அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். மேனேஜர் வந்து, "இது எங்களுக்கே தெரியாது டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பெண்கள் தட்டவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கங்காணி பந்தலின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி தைலம் வேண்டாம் என்றாள்.

ஜனவரி 20, செவ்வாய்

அண்ணி பேசுவது குறைந்துவிட்டது. சோறு இருக்கிறது, விளக்கை அணை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் தோளுக்குத் தைலம் போட்டுக்கொண்டு வருகிறாள். வாசனை வருகிறதே.

இன்று என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டாள். "டீச்சர், தண்ணி கொதிக்குது."

எல்லோரும் கூப்பிடுவதுதானே? அவள் மட்டும் இதுவரை கூப்பிட்டதில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

என்ன செய்துவிட்டேன்.

இன்று முதல் கொட்டகையில் நிறுவை கிடையாது. பேட்டரி தராசு வந்திருக்கிறது. புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நிரைக்கும் போகிறார். நிரை என்றால் ஒருத்திக்குப் பிரித்துவிட்ட செடிவரிசை. அவள் நிற்கும் இடத்திலேயே, பறித்தவுடனேயே எடை. கொட்டகையில் கூடி நிற்பதற்கே வாய்ப்பில்லை. யாரும் யார் கூடைக்குப் பக்கத்திலும் போக முடியாது.

கங்காணியைத் தொழிற்சாலைப் பக்கம் சாக்கு எண்ண மாற்றிவிட்டார்கள்.

ரேடியோ குழாயடியில் என்னைப் பார்த்துக் குடத்தை இறக்கி வைத்தாள். "டீச்சர், ஒரு சந்தேகம். அந்தக் கதைல மலையோட கை எல்லாம்னு சொன்னீங்களே, இப்ப அந்தக் கையையெல்லாம் எங்க வச்சுக்கறது? இடுப்புலயா?"

சிரிக்கவில்லை. சிரிக்காத ரேடியோவை நான் பார்த்ததே இல்லை.

ஐயோ, அண்ணி விடுன்னு சொன்னாளே. விடு பாப்பான்னு வாயைத் திறந்து சொன்னாளே. தன்னடக்கமாம்! அவ சொன்னது எனக்கு ஏன் காதுல விழல? கைதட்டு மட்டும் எப்படி விழுந்துச்சு?

ஜனவரி 28, புதன்

வெளியே போகவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

அண்ணிக்கு அரைப்பேர். வந்து கூடையைச் சுவரில் சாய்த்தாள். ரேடியோவின் மருமகளுக்கும் அரைப்பேர். ரேடியோவுக்கு மட்டும் அதிகம் பறித்ததற்காகக் கூடுதல் சம்பளம். வேகமாகப் பறிக்கிற இன்னும் சிலருக்கும் கூடுதல். அவர்களில் ஓரிருவருக்குச் சந்தோஷம்தான், அதையும் எழுதத்தான் வேண்டும். ரேடியோ வீட்டிலிருந்து சத்தம் கேட்டது: "இந்தக் கையில கூட்டறான், அந்தக் கையில கழிக்கறான். என் மருமவளுக்கு நான் ஒரு பிடி போட முடியல, இதுல எனக்குப் பரிசாம்!"

தும்மினால் பதில் வரும் சுவர் என்று எழுதியிருந்தேன் அல்லவா. இப்போது அதற்குக் கனம் வேண்டும்போல் இருக்கிறது.

பிப்ரவரி 2, திங்கள்

மேனேஜரைப் பார்க்கப் போனேன். அவர் வயதுக்கு 'தம்பி' என்றுதான் வாயில் வருகிறது. 'சார்' என்று திருத்திக்கொண்டேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"சார், நான் புகழ்ந்துதான் பேசினேன். நிறுத்தச் சொல்லிப் பேசல."

"தெரியும் டீச்சர். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒருத்தரோட உழைப்பு இன்னொருத்தர் பேர்ல போறது நியாயமா? நல்லாப் பறிக்கிறவங்களுக்கு அது முழுசாக் கிடைக்க வேண்டாமா?"

"அவங்களா மனசோட குடுக்கறாங்க சார்."

அவர் சிரித்தார். "டீச்சர், உங்க பரீட்சை ஹால்ல ஒரு பிள்ளை மனசோட இன்னொரு பிள்ளைக்குப் பேப்பரைக் காட்டினா, விடுவீங்களா?"

எடுத்துக்காட்டு! என்னிடமே! எழுந்துகொண்டேன். வெளியே வரும்போது, "உங்க பேச்சாலதான் இது தெரிஞ்சுது டீச்சர், ரொம்ப நன்றி" என்றார்.

அந்த 'நன்றி'யைத் தூக்கிக்கொண்டுதான் அவ்வளவு தூரமும் இறங்கி வந்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

கங்காணி வழியில் எதிர்ப்பட்டான். ஓரமாக ஒதுங்கி நடக்கப் பார்த்தேன். அவனே வந்து நின்று கும்பிட்டான்.

"என்னாலதானப்பா உனக்கு…"

"அதெல்லாம் இல்ல டீச்சர். சாக்கு எண்ணறது நிழல் வேலை. எட்டாம் வாய்ப்பாடு வேணாம், ஒண்ணாம் வாய்ப்பாடு போதும்." பிறகு, "அன்னிக்கு நல்லாப் பேசினீங்க டீச்சர். எடுத்துக்காட்டு நீங்க எப்பவுமே நல்லாச் சொல்வீங்க" என்றான்.

குத்தலாகச் சொல்லவில்லை. என் மாணவனை எனக்குத் தெரியாதா? மனதாரச் சொன்னான். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 11, புதன்

இந்த வாரமும் எல்லா நாளும் அரைப்பேர். புது சூப்பர்வைசர் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்: இப்படியே மாதக் கடைசிவரை போனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தோளைப் பார்ப்பார்களாம். முடியாது என்று டாக்டர் எழுதினால் அன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களாம்.

வருஷக் கடைசிவரை இழுத்துப் பிடித்து, தானே தேதி சொல்லி நிற்க நினைத்தவள். அந்தத் தேதியை இப்போது வேறு யாரோ சொல்லப் போகிறார்கள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சண்டை. சண்டை என்றால் இரண்டு பேர் பேச வேண்டும். இன்று பேசியது அவள் ஒருத்திதான்.

நான்தான் ஆரம்பித்தேன், முட்டாள்தனமாக. "அண்ணி, வேலையை விட்டுடுங்க. எனக்குப் பென்ஷன் வருது. ரெண்டு பேரும் டவுன்ல ஒரு வீடு பார்த்துப் போயிடலாம்" என்றேன். உதவி செய்கிறேனாம்.

கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"நான் உன்னைச் சோறு கேட்டேனா? வீடு கேட்டேனா? ஒண்ணே ஒண்ணு சொன்னேன். விடுன்னு சொன்னேன்."

"புகழ்ந்துதான அண்ணி…"

"புகழ்ந்தியா? ஏன்டி, ஒரு பிடி போடறப்ப நாங்க ஏன் மூஞ்சியைப் பாக்கறதில்ல, அது தெரியுமா உனக்கு? வாங்கறவளுக்கே தெரியாத மாதிரி போடணும். நாளைக்கு அவ தலை குனியக் கூடாது பாரு, அதுக்குத்தான். நானும் எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன்! எந்தப் பிடி யாருதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. நீ மைக்குல போட்டே. ஊரைக் கூட்டி வச்சு, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே போட்டே. அழுதுக்கிட்டே வேற!"

கீழே கிடந்த துணியை எடுத்தேன்.

"நீ பாத்தது உனக்கு அழகா இருந்துச்சு. சரி. அழகா இருக்கறதையெல்லாம் பறிச்சுடுவியா?"

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. கேட்டிருப்பார்கள். கேட்கட்டும். அவள் கூடை குறைந்ததை நான் ஊருக்குக் காட்டினேன். என் குறையை ஒரு சுவர் கேட்டால் என்ன?

பிப்ரவரி 16, திங்கள்

அவள் சொன்னது அத்தனையும் சரி.

பிப்ரவரி 18, புதன்

வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்: தப்பு செய்தால் மன்னிப்புக் கேள், அது ஒரு நிமிஷ வேலை என்று. ரேடியோ வீட்டு வாசலில் போய் நின்றேன். ஒரு நிமிஷம் அரைமணி போல் இருந்தது.

"மன்னிச்சுடும்மா" என்றேன்.

"மன்னிப்பை வச்சு நான் என்ன பண்ண? அடுப்புல போட்டா எரியுமா?"

"வேற என்ன செய்யட்டும், சொல்லு."

மேலும் கீழும் பார்த்தாள். "பேசாம இருக்கற வேலை ஏதாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. கத்துக்கறேன்."

உதட்டோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. சொன்னாள்: முன்பெல்லாம் பத்துமணி டீயை யாராவது ஒருத்தி கீழே போய்த் தூக்கி வருவாளாம். இப்போது அந்த நேரத்துக்கு எடை போய்விடும் என்பதால் யாரும் போவதில்லையாம். டீ இல்லாமலேயே மதியம்வரை நிற்கிறார்களாம்.

"கேனு கனம். வாய் திறந்தா மூச்சு வாங்கும். உங்களுக்குத் தோதான வேலை."

பிப்ரவரி 19, வியாழன்

கேன் கனம்தான். மூன்று இடத்தில் இறக்கி வைத்தேன். டீ ஆறிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. குடித்துவிட்டுக் குவளையைக் கொடுத்தார்கள்.

நான் போனதும் பேச்சு நின்றது. வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் அமைதியாவார்கள். அந்த அமைதியில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. இந்த அமைதி அது இல்லை. இது, திருட்டுப் பூனை வந்தால் பால்சட்டியை மூடுகிற அமைதி.

பிப்ரவரி 20, வெள்ளி

இடுப்பு வலி. போனேன்.

பிப்ரவரி 25, புதன்

இரண்டு இடத்தில்தான் இறக்கி வைத்தேன். சுடச்சுடக் கொடுத்தேன்.

ஏறும்போது மேனேஜருக்குச் சொல்ல வேண்டிய பதில் கிடைத்தது. பரீட்சை ஹாலில் காட்டினால் விடமாட்டேன் சார், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு தெரியும் என்று கண்டுபிடிக்கத்தான் பரீட்சை. மலையில் யாரும் எதையும் கண்டுபிடிக்கக் கொழுந்து பறிக்கவில்லை. கொழுந்து வேண்டும் என்பதற்காகப் பறிக்கிறார்கள். எல்லாக் கூடையும் சேர்த்துக் கொட்டினால் அதே எடைதானே? ஒரு இலைகூடக் குறையவில்லையே?

நல்ல பதில். போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். கேனைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தேன். இன்னொரு நல்ல பேச்சுக்கு இந்த மலை என்ன விலை கொடுக்குமோ!

ரேடியோவின் மருமகள் இன்றுமுதல் வீட்டில். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அரைப்பேருக்காக ஏறி இறங்க முடியவில்லை என்றாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

டாக்டர் அடுத்த மாதம் பாதிக்கு மேல்தான் வருவாராம். அதுவரை பார்க்கலாம் என்றாராம் சூப்பர்வைசர். அண்ணி இதை என்னிடம் சொல்லவில்லை. ரேடியோவிடம் சொன்னது சுவர் வழியாக வந்தது.

மார்ச் 6, வெள்ளி

குவளையை வாங்கும்போது ஒருத்தி, "டீச்சர் கை காய்ச்சுப் போச்சே" என்றாள். பார்த்தேன். கேனின் கைப்பிடி பட்ட இடத்தில் தோல் தடித்திருக்கிறது. சாக்பீஸ் பிடித்த கை. வெட்கத்தோடு சேலையில் துடைத்துக்கொண்டேன். துடைத்தால் போகிற விஷயமா அது?

அண்ணி இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

மார்ச் 10, செவ்வாய்

அண்ணிக்கு இன்று முழுப்பேர்.

கூடையைச் சாய்த்துவிட்டு முகம் கழுவப் போனாள். நான் கேட்கவில்லை. தோள் அப்படியேதான் இருக்கிறது. ஜாக்கெட் போட இன்னும் இரண்டு தடவை முயல வேண்டியிருக்கிறது.

மார்ச் 11, புதன்

இன்றும் முழுப்பேர்.

மார்ச் 13, வெள்ளி

எப்படி என்று பார்த்துவிட்டேன்.

கேனோடு வளைவில் திரும்பும்போது கண்ணில் பட்டது. யாரும் யார் கூடையையும் தொடவில்லை. தராசு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரியப்போவதும் இல்லை. நான் இந்த மலையில் பிறந்தவள். எனக்கே இத்தனை நாள் டீ தூக்கிய பிறகுதான் தெரிந்தது.

இங்கே எழுதப் பேனாவைத் திறந்தேன். அழகாக ஒரு வாக்கியம்கூட மனதில் வந்துவிட்டது.

எழுதப் போவதில்லை.

மார்ச் 19, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அந்த ஒன்றைத் தவிர.

நல்ல வெயில். டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். மேனேஜர் பாதையில் நடந்து வந்தார். நாளை மறுநாள் டாக்டர் வருகிறார். யாரை அனுப்புவது என்று பார்க்க வந்திருப்பார்போல. அண்ணியின் நிரையைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"டீச்சர், நீங்களா டீ தூக்கறீங்க? பெரிய மனசு."

"சும்மா உடற்பயிற்சி சார்."

"உங்க அண்ணி எடை திடீர்னு சரியாயிடுச்சே. தோள் குணமாயிடுச்சா?" குரலைத் தாழ்த்தினார். "இல்ல, மறுபடி ஏதாவது நடக்குதா? தினம் இங்க வர்றீங்க. உங்க கண்ணுக்குத் தப்பாது. உங்களுக்குத்தான் எதையும் மறைக்கத் தெரியாதே."

நிரைகளில் கைகள் நின்றுவிட்டன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அத்தனை முதுகும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணியின் முதுகும்.

நாற்பது வருஷம் பிள்ளைகளிடம் உண்மை பேசச் சொன்ன வாய் இது. திறந்தேன். மூடினேன்.

கேனை இறக்கி வைத்தேன். அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தேன். அவருக்கு முதுகு, மலைக்கு முதுகு. வலது கால் செருப்பைக் கழற்றினேன். கவிழ்த்து உதறினேன். தூக்கிப் பிடித்து உள்ளே உற்றுப் பார்த்தேன்.

"என்ன டீச்சர்?"

"அட்டை சார்."

"இந்த வெயில்லயா?"

"ஆமா சார். இந்த வருஷம் வெயில்லயும் இருக்கு. ஒண்ணும் கண்ணுல படல, அட்டையைப் பாக்கறதுக்கே நேரம் சரியா இருக்கு."

விழாவில் அட்டைக்கு அவரும்தான் சிரித்தார். இப்போது சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். நான் இடது கால் செருப்பையும் கழற்றினேன்.

நின்றார். பிறகு, "எடை சரியா இருந்தா டாக்டர் எதுக்கு" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கீழே நடந்தார். அவருக்குப் புரிந்ததா? புரிந்தும் போனாரா? எனக்குத் தெரியாது.

அவர் தலை மறைந்ததும் மேலே நிரையில் ஒரு குரல் எழும்பியது: "அட, என் வீட்டுக்காரர் குறட்டையைக் கேளுங்கடி! நேத்து ராத்திரி தகரமே எழுந்து உக்காந்துடுச்சு…"

ரேடியோ. நான் இருக்கும்போதே.

மார்ச் 20, வெள்ளி

சாயங்காலம் அண்ணி உள்ளே வந்தாள். தைலப் புட்டியை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். ஜாக்கெட்டைத் தோளிலிருந்து இறக்க அவளால் முடியவில்லை, நான் இறக்கிவிட்டேன்.

தேய்த்தேன். என் உள்ளங்கை இப்போது சொரசொரப்பாக இருக்கிறது. அவளுக்கு உறுத்துமோ என்று மெதுவாகத் தேய்த்தேன்.

"அழுத்தித் தேய்" என்றாள். அப்புறம், சுவரைப் பார்த்தபடியே: "கால்ல அட்டை கடிச்சிடுச்சாமே பாப்பா?"

"கடிச்சிடுச்சு அண்ணி."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள்.

வெட்கம் போய்விடவில்லை. அந்தப் பந்தல், அந்த மைக், அவள் முகம் எல்லாம் என்னோடு இருக்கும். ரேடியோவின் மருமகளுக்கு நான் எதையும் திருப்பித் தர முடியவில்லை. அண்ணியின் கடைசி நாள் எது என்று எனக்குத் தெரியாது. அதை அவள் சொல்வாள்.

மூன்றாம் வகுப்புச் சிறுமியே, பதினாலு கிலோ பறித்தவளுக்கு அன்றைக்குத் தோள் வலித்தது. வித்தியாசம் ஆறு இல்லை.

பழக்கதோஷம், வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்க வராது. இதை என்றாவது யாராவது படித்தால், அவர்களுக்கு: நாளை ஒரு நல்ல காரியம் உங்கள் கண்ணில் பட்டால், ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருந்து பாருங்கள்.